தருமபுரி, கிருஷ்ணகிரி: நம்ம பக்கத்து மாற்றுத்திறனாளிகள் இயக்கம் எங்கே தொடங்கியது?

1 | காரிமங்கலத்தான்

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கலாம்னு பரணைக் காலி பண்ணினப்ப என் பழைய ட்ரங்குப் பெட்டி கீழே வந்தது. உள்ளே முழுக்கக் காகிதம். துண்டு நோட்டீஸ், கலெக்டருக்குக் கொடுத்த மனுக்களோட நகல், ரசீதுப் புத்தகம், மாநாட்டுக்குக் குத்திக்கிட்டுப் போன பேட்ஜ். கால்வாசியைக் கரையான் தின்னுடுச்சு. எனக்கு ரெண்டு வயசுல இளம்பிள்ளை வாதம். ஜெராக்ஸ் கடை வச்சிருந்ததால மாற்றுத்திறனாளிகள் சங்கத்து நோட்டீஸ் எல்லாம் என் கடையிலதான் அடிச்சாங்க. அதான் இவ்வளவும் என்கிட்ட தங்கிடுச்சு.

மிச்சம் இருக்கறதை வச்சு நம்ம ரெண்டு மாவட்டத்துக் கதையை ஒரு சின்னப் புத்தகமா எழுதலாம்னு உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கிட்டேன். எங்கே இருந்து தொடங்கறது? டெல்லியில சட்டம் வந்ததுல இருந்தா? சங்கத்துக் கொடி நம்ம ஊருக்கு வந்ததுல இருந்தா? 2004 பிப்ரவரியில கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகறதுக்கு முன்னாடி ஓசூர்க்காரங்களும் மனு கொடுக்க தருமபுரிக்குத்தான் வரணும். அதனால ரெண்டு மாவட்டத்துக்காரங்களும் சொல்லுங்க.

2 | தளி வாத்தியார்

தம்பி, வரலாறு என்றால் ஆண்டு வேண்டும். குறித்துக்கொள்ளுங்கள்.

1995 டிசம்பர் 19 அன்று மாற்றுத்திறனாளிகள் உரிமைப் போராளி ஜாவேத் அபிதியும் உடன் இருந்தவர்களும் டெல்லியில் வீதிக்கு வந்தார்கள். மூன்றாம் நாள், 22-ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் நிறைவேறியது. 1996 பிப்ரவரி 7 முதல் அமல். 7 வகை ஊனம், அரசு வேலையில் 3 சதவீதம். 2006-ல் ஐ.நா. உடன்படிக்கை, 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா ஏற்றது. 2016 டிசம்பரில் புதிய சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறை. 7 வகை 21 ஆனது. 3 சதவீதம் 4 ஆனது. இதை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு மற்றதை எழுதுங்கள்.

3 | ஓசூர் வெல்டர்

சார், முதுகெலும்பு ஒடிஞ்சவன் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க 🙂

1995-ல வந்த சட்டம் எங்க ஊருக்கு எந்த பஸ்ல வந்துச்சு? 2014-ல பெங்களூர்ல ஒரு கட்டடத்துல மூணாவது மாடி சாரத்துல இருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து வந்து ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் ‘உனக்கு அடையாள அட்டைன்னு ஒண்ணு உண்டு, அதுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு’ன்னே தெரியும். சொன்னவரு, லாட்டரி இருந்த காலத்துல மூணு சக்கர சைக்கிள்ல சீட்டு வித்துக்கிட்டிருந்த ஒரு பெரியவர். சட்டம் என்கிட்ட வந்தது அவர் வாயாலதான்.

4 | பாலக்கோடு போர்க்காரர்

நான் மாற்றுத்திறனாளி இல்லைங்க. எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எழுதிடறேன்.

நான் 25 வருஷம் போர்வெல் போடற வண்டியில வேலை பார்த்தவன். தொடங்கின காலத்துல 200 அடி, 250 அடியில தண்ணி வந்துடும். அப்புறம் 500. அப்புறம் 900, 1000. நம்ம பக்கம் மண்ணு கம்மி, கீழே எல்லாம் பாறை. அந்தப் பாறையிலயே ஃபுளோரைடு இருக்கு. பாறை இடுக்குல வருஷக் கணக்கா நின்ன தண்ணியில அது ஊறி இறங்கியிருக்கும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருந்தா குடிக்க ஆகாதுன்னு கணக்கு. அப்ப எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. தண்ணி வந்தா தேங்காய் உடைப்பாங்க, எங்களுக்கு வேட்டி துண்டு. அவ்வளவுதான்.

எங்க ஊருல பொது போர் நான் நின்னு போட்டது. அந்தத் தண்ணியில வளர்ந்த பசங்க பல்லெல்லாம் காவி. பொண்ணு பார்க்க வர்றவங்க பல்லைப் பார்த்தே எந்த ஊருன்னு சொல்லிடுவாங்க. பல்லு போனாப் போவுது. எங்க அம்மாவுக்கு 50 வயசுக்கு மேல கழுத்து திரும்பாது, குனிய முடியாது. யாராவது பின்னாடி இருந்து கூப்பிட்டா முழு உடம்போட திரும்புவாங்க. நாங்க எல்லாரும் வாத நோவுன்னு சொல்லிக்கிட்டு தைலம் தேய்ச்சோம்.

முகாமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். 35 சதவீதம் ஊனம்னு போட்டாங்க. 40 இருந்தாத்தான் உதவித்தொகை. 21 வகைன்னு வாத்தியார் சொல்றாரே, அதுல ஃபுளோரோசிஸ்னு, அதான் இந்த ஃபுளோரைடால வர்ற நோவு, ஒரு பேரே கிடையாது. எலும்பு, மூட்டுக் கணக்குல சேர்த்து, எவ்வளவு மடங்குது எவ்வளவு நீளுதுன்னு பார்த்து சதவீதம் போடறாங்க. அம்மாவுக்கு மடங்கும். வலியோட மடங்கும். வலிக்கு சதவீதம் இல்லையாம்.

உங்க புத்தகத்துல இது வருமா வராதா தெரியல. ஆனா தருமபுரியில ஊனம்னு பேசினா தண்ணியில இருந்துதான் பேசணும்னு எனக்குத் தோணுது.

5 | காரிமங்கலத்தான்

ஐயா, வரணும். இதுவரைக்கும் எனக்கு இது தோணவே இல்ல, வெட்கமா இருக்கு. எங்க நோட்டீஸ் எதுலயும் ஃபுளோரைடுன்னு ஒரு வார்த்தை இல்ல. இப்பத்தான் பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். தண்ணிக்குன்னு தனியா போராட்டம் நடந்துச்சு, எங்களுக்குன்னு தனியா நடந்துச்சு. ரெண்டும் ஒரே கலெக்டர் ஆபீஸ் வாசல்லதான் நடந்துச்சு.

6 | தளி வாத்தியார்

போர்க்காரர் எழுதியது நெஞ்சில் நிற்கிறது. ஆண்டுகளை மட்டும் நான் சேர்க்கிறேன். என் தொழில் புத்தி.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ உண்டு. 2008 பிப்ரவரி 26 அன்று கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரலில் அங்கே தேர்தல் முடியும் வரை நிறுத்திவைப்பதாக அவரே அறிவித்தார். பிறகு ஜப்பான் நாட்டுக் கடனுதவியில், 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் வேலை நடந்து, 2013 மே 29 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஆற்றுத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி இரண்டு மாவட்டத்துக்கும் பிரித்து அனுப்புவதுதான் வேலை. அந்த நாளில் எங்கள் பேருந்தில் எல்லாரும் பேசியது இரண்டு மாநிலச் சண்டையைத்தான். திரும்பாத கழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

7 | மத்தூர் மாந்தோப்பு

தண்ணி கதை நல்லா இருக்கு. ஆனா இழை எங்கேயோ போகுது. இயக்கம்னு கேட்டீங்க. உண்மையைச் சொல்லட்டுமா? இங்கே இருந்தது மனு எழுதற இயக்கம். திங்கக்கிழமை மனு, செவ்வாய்க்கிழமை முகாம், டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தா ஒரு ஃபங்ஷன், ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு. உதவித்தொகையை ஏத்து, ஸ்கூட்டர் கொடு, கடை வச்சுக்க லோன் கொடு. இதுக்கெல்லாம் உரிமைன்னு பேர் வச்சா எப்படி? அதுவும் பாதிப் பேர் கட்சிக்காரங்க.

8 | காரிமங்கலத்தான்

கட்சிக்காரங்க இருந்தாங்க, இல்லைன்னு சொல்லல. கட்சி இல்லாதவங்களும் இருந்தாங்க. நான் எந்தக் கட்சியிலயும் கார்டு வாங்கல.

ஆனா ஸ்கூட்டரை மட்டும் லேசாச் சொல்லாதீங்கண்ணா. எங்க பழைய கூட்டத்து வருகைப் பதிவேடு இருக்கு. 12 பேர், 9 பேர், ஒரு மாசம் 5 பேர். காரணம் எல்லாருக்கும் தெரியும். காரிமங்கலத்துல இருந்து தருமபுரி வரணும்னா, பஸ் படியில கையை ஊனி உடம்பைத் தூக்கிப் போட்டு ஏறணும். ‘காலையில வந்துட்டியா சாவுகிராக்கி’ன்னு ஒரு கண்டக்டர் சொன்னதை இன்னும் மறக்கல. இன்னைக்கு அப்படிச் சொன்னா 2016 சட்டத்துல 92-ஆம் பிரிவு இருக்கு, ஊனத்தைச் சொல்லி நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்தினா 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில். அப்ப எதுவும் இல்ல. கையால சுத்தற மூணு சக்கர வண்டியில நெடுஞ்சாலை மேட்டை ஏற முடியாது. இணைப்புச் சக்கரம் வச்ச பெட்ரோல் ஸ்கூட்டர் கைக்கு வந்த பிறகு பதிவேட்டைப் பாருங்க: 40, 60, ஒரு தடவை 110. தொலைபேசி நிலையம் முன்னாடி ரோட்டோரம் வரிசையா ஸ்கூட்டர் நிக்கும். வண்டி கொடுத்தது அரசாங்கம். அந்த வண்டியிலயே போய் அரசாங்கத்தை எதிர்த்துக் கோஷம் போட்டோம். அது உரிமையா சலுகையான்னு நீங்களே சொல்லுங்க.

9 | பென்னாகரம் அக்கா

தம்பி, உங்க பதிவேட்டுல பொம்பளைங்க எத்தனை பேரு?

10 | காரிமங்கலத்தான்

எண்ணிப் பார்த்துட்டு வர்றேன் அக்கா.

11 | காரிமங்கலத்தான்

110 பேர் வந்த கூட்டத்துல 14 பேர்.

12 | பென்னாகரம் அக்கா

அந்த 14-ல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தவங்க எத்தனை பேருன்னு பதிவேட்டுல இருக்காது. நான் சொல்றேன். நான் ஒருத்தி, ஏரியூர்ல இருந்து ஒரு அம்மா. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

என் பையனுக்கு மூளை முடக்குவாதம். இப்ப 24 வயசு. சங்கத்துக்குப் பேரு என்னா? தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம். அந்தப் பேருல ‘பாதுகாப்போர்’னு ஒரு வார்த்தை இருக்கறதைப் பார்த்துத்தான் நான் முதல் தடவை கூட்டத்துக்கே வந்தேன். நானும் அதுல ஒரு ஆளுன்னு யாரோ நினைச்சிருக்காங்களேன்னு இருந்துச்சு. ஆனா மேடையில பேசினதெல்லாம் போலியோ வந்த அண்ணனுங்க. கைப்பலம் இருக்கு, படிப்பு இருக்கு, வாய் இருக்கு, ஸ்கூட்டர் இருக்கு. தப்புன்னு சொல்லல. என் பையனுக்கு ஸ்கூட்டர் கொடுத்தா யாரு ஓட்டறது?

அவனுக்கு 18 முடிஞ்சப்ப பேங்க்ல ‘இனிமே நீங்க அம்மாங்கறதால மட்டும் கையெழுத்துப் போட முடியாது’ன்னுட்டாங்க. 1999-ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மூளை வளர்ச்சிக் குறைபாடு, ஒண்ணுக்கு மேல குறைபாடு உள்ள பிள்ளைங்க, இவங்களுக்கு. கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி கூடி, பெத்த தாயை ‘சட்டப்படி பாதுகாவலர்’னு ஒரு சான்று கொடுக்கணும். அதுக்கு நான் எட்டு தடவை அலைஞ்சேன். சங்கத்துல கேட்டேன். யாருக்கும் அந்தச் சட்டமே தெரியல. கடைசியில பக்கத்து மாவட்டத்துல ஆட்டிசம் பிள்ளை வச்சிருக்கற ஒரு அம்மா போன்ல சொல்லிக் கொடுத்து வாங்கினேன்.

அந்த அலைச்சலையும் போராட்டம்னுதான் சொல்லணும். கோஷமும் இல்ல, போட்டோவும் இல்ல. எந்த நோட்டீஸ்லயும் அது வராது.

13 | ஓசூர் வெல்டர்

👏 அக்கா

14 | தருமபுரி செவிவழி

வணக்கம். நான் பார்வையற்றவன், திரைவாசிப்பான் வழியா இந்த இழையைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். பதிவு 8-க்குக் கீழே காரிமங்கலத்தான் மூணு படம் போட்டிருக்கார்போல. என் கருவி ‘படம், படம், படம்’னு மட்டும் சொல்லுது. என்ன படம்னு ஒரு வரி எழுதினா நாங்களும் இயக்கத்துல சேர்ந்துக்குவோம் 😀

15 | காரிமங்கலத்தான்

மன்னிக்கணும் சார். அசிங்கமாப் போச்சு. முதல் படம்: மஞ்சள் நிற துண்டு நோட்டீஸ், ‘ஊனமுற்றோர் கோரிக்கை ஆர்ப்பாட்டம்’னு தலைப்பு, தேதி இருந்த இடத்தைக் கரையான் தின்னுடுச்சு. ரெண்டாவது: ரோட்டோரம் நிக்கற ஸ்கூட்டர் வரிசை, முன்னாடி மைக் பிடிச்சு ஒருத்தர். மூணாவது: ‘மாற்றுத்திறனாளிகள்’னு எழுதின பேட்ஜ்.

16 | தருமபுரி செவிவழி

நன்றி. பாருங்க, முதல் நோட்டீஸ்ல ‘ஊனமுற்றோர்’, பேட்ஜ்ல ‘மாற்றுத்திறனாளிகள்’. தேதி கிழிஞ்சிருந்தாலும் காலம் தெரியுது. 2010-ல கருணாநிதி ஆட்சியில அந்தச் சொல் மாறினது. தனித் துறையும் அப்பத்தான் முதலமைச்சர் பொறுப்புல வந்தது. நோட்டீஸ் அதுக்கு முந்தையது, பேட்ஜ் பிந்தையது.

எனக்குச் சொல் மாறினதுல பெரிய சந்தோஷமும் இல்ல, வருத்தமும் இல்ல. எங்க பாட்டி கடைசி வரைக்கும் ‘கண்ணு தெரியாத பையன்’னுதான் சொன்னாங்க, அதுல எனக்குக் குறை தெரியல. 2015-ல ‘திவ்யாங்’னு இந்தியில ஒரு சொல் வந்தப்பதான் கோபம் வந்தது. எனக்குள்ள தெய்வ அம்சம் இருக்குன்னா, டிஎன்பிஎஸ்சி எழுதற அன்னைக்கு எனக்குப் பதிலா எழுத ஆள் தேடி நான் ஏன் தெருத்தெருவா அலையணும்? 2013-ல சென்னையில பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டு நடத்தின போராட்டத்துல நம்ம மாவட்டத்துல இருந்து போனவங்கள்ல நானும் ஒருத்தன். அதே வருஷம் அக்டோபர் 8-ல உச்ச நீதிமன்றம், 3 சதவீதத்தை மொத்தப் பணியிடத்துக்கும் கணக்குப் பார்க்கணும், ‘இந்த வேலைக்கு நீ ஆக மாட்டே’ன்னு ஒதுக்கிட்டு மிச்சத்துல பார்க்கக் கூடாதுன்னு சொன்னது. ஊருக்குத் திரும்பி வந்தா இங்கே யாரும் அதைப் பத்திப் பேசல. கால் ஊனமானவங்க சங்கம் வேற, எங்க சங்கம் வேற, காது கேளாதவங்க சங்கம் வேறன்னு இருந்த காலம் அது. ‘அனைத்து வகை’ன்னு பேருல இருந்தது. கூட்டத்துல சைகை மொழிபெயர்ப்பாளரை நான் பார்த்ததில்ல. (பார்த்ததில்லங்கறது எனக்குப் பொருந்தாதுதான், கூட வந்தவங்களைக் கேட்டுச் சொல்றேன்.)

17 | பாப்பாரப்பட்டி வாசி

நீங்க எல்லாரும் 1995, 2010-ன்னு பேசறீங்க. எங்க ஊருக்கு வாங்க, நூறு வருஷம் பின்னாடி போகலாம்.

சுப்பிரமணிய சிவா. 1908-ல ஜெயிலுக்குப் போனார், 1912-ல தொழுநோயோட வெளியே வந்தார். அந்த நோயைக் காட்டி வெள்ளைக்கார அரசாங்கம் அவரை ரயில்ல ஏற விடல. புண்ணோட நடந்தும் கட்டை வண்டியிலயும் ஊர் ஊராப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில பாரத ஆசிரமம் வச்சார். 1925 ஜூலை 23-ல இங்கேயே போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்துல அவரை தியாகின்னு மட்டும் சொல்லிக் கொடுத்தாங்க. உடம்பைக் காட்டி பொது வண்டியில இடம் மறுக்கப்பட்ட மனுஷன்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. 1995 சட்டத்துல இருந்த 7 வகையில தொழுநோயில இருந்து குணமானவங்களும் ஒண்ணு. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம்னு இருந்ததை எடுக்கறதுக்கு 2019 ஆச்சு.

உங்க முதல் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

18 | மத்தூர் மாந்தோப்பு

இது கொஞ்சம் ஓவர். அவர் சுதந்திரத்துக்குப் போராடினார், ஊனத்துக்காகப் போராடல. இழுத்துப் பிடிச்சு நம்ம கதையில சேர்க்கக் கூடாது.

19 | தளி வாத்தியார்

இந்த இடத்தில் மத்தூர்க்காரர் பக்கம்தான் நான். இயக்கம் என்றால் பலர் சேர்ந்து கேட்க வேண்டும். ஆனால் பேருந்துப் படி பற்றிப் பேசும் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பக்கம் அவருக்குக் கொடுக்கலாம். ரயிலில் ஏற விடாதது 1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டக் காலத்துக் கதை. இன்று தொற்று நீங்கிய தொழுநோயாளிகள் பரிசோதனைக்குப் போக அதே ரயிலில் சலுகைக் கட்டணம் உண்டு.

20 | ஊத்தங்கரை 100 நாள்

நான் படிக்காதவ, பொண்ணு டைப் பண்றா. எங்களுக்கு எல்லாம் இயக்கம் வந்தது ஏரியிலதான். நம்ம மாவட்டத்துக்கு 100 நாள் வேலை வந்தது 2008-ல. எனக்கு ஒரு கால் சூம்பினது. வேலை கேட்டா ‘உன்னால மண்ணு தூக்க முடியாது, வீட்டுக்குப் போ’ன்னாங்க. அளவு பார்த்துக் கூலி போடறதால, நான் வந்தா குழுவுக்கே கூலி குறையும்னு கூட இருந்தவங்களே முணுமுணுத்தாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

அப்புறம் சங்கத்துக்காரங்க வந்து 52-ஆம் நம்பர் அரசாணைன்னு ஒரு காகிதம் காட்டினாங்க. மாற்றுத்திறனாளி 4 மணி நேரம் வேலை செஞ்சாப் போதும், முழுக் கூலி. தண்ணி ஊத்தற வேலை, பிள்ளைங்களைப் பார்த்துக்கற வேலை, அந்த மாதிரி கொடுக்கணும். அந்தக் காகிதத்தை மடிச்சு ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் தினமும் போவேன். பணித்தளப் பொறுப்பாளர் மாறும்போதெல்லாம் எடுத்துக் காட்டணும். வேர்வையில நைஞ்சு நைஞ்சு மூணு தடவை ஜெராக்ஸ் எடுத்தேன். சம்பளம்னு என் பேருல முதல் தடவை பேங்க்ல விழுந்தது அதுலதான். என் மாமியார் அன்னைக்குத்தான் என்னை முதல் தடவை ‘சாப்டியா’ன்னு கேட்டாங்க.

21 | காரிமங்கலத்தான்

அம்மா, அரசாணை 52-ஐ நான் எத்தனை ஆயிரம் காப்பி அடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. காப்பிக்கு ஒரு ரூபா வாங்கினேனான்னு கூட ஞாபகம் இல்ல. அது ஒரு ரவிக்கைக்குள்ள தினம் வேலைக்குப் போச்சுன்னு இப்பத்தான் தெரியுது.

22 | வேப்பனஅள்ளி எல்லை

நானும் ஒண்ணு கேக்கணும். எங்களுக்கு ஆந்திர எல்லை கூப்பிடற தூரம். என் சித்தி பொண்ணை ஆந்திராவுல குப்பம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கு. அவ மாமனாருக்கும் எனக்கும் ஒரே மாதிரி கால். 2024 ஜூலையில இருந்து அவருக்கு மாசம் 6,000, படுக்கையிலேயே கிடக்கறவங்களுக்கு 15,000. எனக்கு 1,500, அதுவும் 2023 ஜனவரிக்கு முன்னாடி 1,000-தான். கடும் பாதிப்புன்னு எழுதிக் கொடுத்தா 2,000. திருவிழாவுக்குப் போனா அவர்தான் எனக்கு டீ வாங்கித் தர்றார். ரெண்டு பேருக்கும் ஒரே நாடு, ஒரே சட்டம்.

23 | மத்தூர் மாந்தோப்பு

அங்கேயும் அட்டையை மறுபடி சரிபார்க்கறோம்னு ஒரு பக்கம் நோட்டீஸ் அனுப்பினாங்க, அதையும் சொல்லுங்க. காசு கூடினா கண்ணும் கூர்மையாகும்.

24 | வேப்பனஅள்ளி எல்லை

அனுப்பட்டும்ணே. என் காலை எத்தனை தடவை சரிபார்த்தாலும் அதே கால்தான்.

25 | காரிமங்கலத்தான்

2021 பிப்ரவரியில, தேர்தலுக்கு முன்னாடி, மாநிலம் முழுக்கக் குடியேறும் போராட்டம் நடந்தது இந்தக் கணக்குக்காகத்தான். பக்கத்து மாநிலங்கள்ல 3,000 தர்றாங்க, இங்கே ஏன் 1,000-னு. அடுப்பு, பாத்திரம், பாய் எல்லாம் எடுத்துக்கிட்டு அரசாங்க ஆபீஸ் வாசல்ல குடியேறறது. நானும் போனேன். ராத்திரி பனி. எங்க பக்கத்துல ஒரு போலீஸ்காரர் நின்னுக்கிட்டே தூங்கினார். பாயில இடம் கொடுத்தோம், உட்கார மாட்டேன்னுட்டார். டீ மட்டும் குடிச்சார்.

26 | பென்னாகரம் அக்கா

அந்தப் போராட்டத்துக்கு நானும் வரணும்னுதான் இருந்தேன். வந்தா என் பையனை யாரு பார்க்கறது? கூட்டிக்கிட்டு வந்தா டயபர் எங்கே மாத்தறது? 2016 சட்டத்துல 24-ஆம் பிரிவுல, அதிகமா உதவி தேவைப்படறவங்களுக்குப் பாதுகாப்பவர் படின்னு ஒண்ணு எழுதியிருக்கு. அந்தப் படி கேட்டு ஒரு தடவையாவது குடியேறினோமா தம்பி? 1,000-ஐ 3,000 ஆக்குன்னு கேட்டோம். பார்த்துக்கறவளுக்கு என்னன்னு கேக்கல.

27 | காரிமங்கலத்தான்

கோரிக்கைப் பட்டியல்ல எட்டாவதோ ஒன்பதாவதோ இருந்தது அக்கா. மேடையில பேசற நேரத்துக்கு நாலாவதோட மைக்கை வாங்கிடுவாங்க. சமாளிக்கல, நடந்ததைச் சொல்றேன்.

28 | ஓசூர் வெல்டர்

நான் ஒண்ணு கவனிச்சேன், தப்பா இருந்தா திருத்துங்க. சங்கத்துல பெரியவங்க எல்லாரும் 45-க்கு மேல, எல்லாரும் போலியோ. தமிழ்நாட்டுல 2004-க்கு அப்புறம் போலியோ இல்ல. நாட்டுலயே கடைசி கேஸ் 2011 ஜனவரி. நல்லதுதான்! ஆனா இனிமே சங்கத்துக்கு அந்த வழியில ஆள் வர மாட்டாங்க. வரப்போறது என்னை மாதிரி: சாரத்துல விழுந்தவன், கிரானைட் குவாரியில கல்லு விழுந்தவன், கம்பெனி பிரஸ்ல விரல் போனவன், நெடுஞ்சாலையில பைக் ஆக்சிடெண்ட் ஆனவன். நாங்க எல்லாம் 25 வயசு வரைக்கும் நல்லா நடந்தவங்க. ‘நான் சரியாயிடுவேன்’னே அஞ்சு வருஷம் போயிடும். அட்டை வாங்கறதே தோல்வியை ஒத்துக்கற மாதிரி இருக்கும். சங்கத்துப் பக்கமே வர மாட்டோம். ஓசூர் சுத்துவட்டாரத்துல இப்படி வீட்டுக்குள்ள இருக்கறவங்க எனக்குத் தெரிஞ்சே 6 பேர். படுக்கைப் புண், யூரின் டியூப், இதைப் பத்தித்தான் நாங்க போன்ல பேசிக்குவோம். அதையும் இயக்கம்னு கணக்குல எடுத்துக்குவீங்களா?

29 | தளி வாத்தியார்

எடுத்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் சொன்ன முதுகெலும்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆண்டுகளைப் பின்னிணைப்பில் போடுங்கள் தம்பி.

30 | தருமபுரி செவிவழி

வாத்தியாரே தோத்துட்டார், இழையைப் பூட்டிடலாம் 😀

ஒரு விஷயம் விட்டுப் போச்சு. 2025 ஏப்ரல்ல சட்டமன்றத்துல வந்த திருத்தம். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்புலயும் ஒரு மாற்றுத்திறனாளியை நியமன உறுப்பினராப் போடறது. கிராம ஊராட்சிகள்ல மட்டும் 12,913 பேர்னு அரசு சொன்னது. தருமபுரியில 251 ஊராட்சி, கிருஷ்ணகிரியில 333. கூட்டிப் பாருங்க, நம்ம ரெண்டு மாவட்டத்துல மட்டும் 584 பேர். ஜூலையில விண்ணப்பம் வாங்கினாங்க, நானும் போட்டேன். ஆனா நம்ம ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர்தான் நடத்தினார். நாற்காலி போட்டாச்சு, சபையைக் காணோம்.

31 | மத்தூர் மாந்தோப்பு

நியமனம்னா ஓட்டு உரிமை கிடையாது, தலையாட்டத்தான்.

32 | ஊத்தங்கரை 100 நாள்

தலையாட்டறதுக்காவது உள்ளே விடட்டும் சாமி. எங்க ஊராட்சி ஆபீஸுக்கு நாலு படி.

33 | பாலக்கோடு போர்க்காரர்

நியமன உறுப்பினர் யார் வந்தாலும் ஒண்ணு செய்யச் சொல்லுங்க. ஒகேனக்கல் தண்ணி தொட்டிக்கு வர்றப்ப, ஊரு போர் தண்ணியையும் அதே தொட்டியில கலந்து விடற இடங்கள் இருக்கு. பத்தாக்குறைக்குச் செய்யறாங்க. வால்வு எங்கே இருக்கு, எப்ப திறக்கறாங்கன்னு பார்த்தாலே தெரிஞ்சுடும். நான் வேணும்னா கூட வந்து காட்டறேன். போர் போட்டவனுக்கு பைப் போற வழி தெரியும்.

34 | காரிமங்கலத்தான்

எல்லாருக்கும் நன்றி. முதல் வரி எழுதிட்டேன்: ‘பாலக்கோடு பக்கம் ஒரு அம்மாவுக்குக் கழுத்து திரும்பாது.’ பிடிக்கலைன்னா சொல்லுங்க, மாத்தறேன். போர்க்காரர் அண்ணா, உங்க அனுமதி வேணும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒரு தடவை நேர்ல கூடினா, பெட்டியைக் கொண்டு வந்து காட்டறேன். தருமபுரியில ஒரு ஹால் கேட்டிருக்கேன், வாடகை கம்மி.

35 | பாலக்கோடு போர்க்காரர்

எழுதுங்க. அம்மா இப்ப இல்ல. பேரு மட்டும் போட வேணாம்.

36 | ஓசூர் வெல்டர்

ஹால் கீழ்த்தளமா மாடியா?

37 | காரிமங்கலத்தான்

மாடி. லிப்ட் கிடையாது. சே, நானே கேக்கலை பாருங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் தெரிஞ்சவர் குடோன் ஒண்ணு இருக்கு, தரையோட தரை, ஷட்டர் அகலம், ஸ்கூட்டரே உள்ளே போகும். ஃபேன் இருக்கு.

38 | பென்னாகரம் அக்கா

பாத்ரூம் இருக்கா தம்பி? பையனையும் கூட்டிக்கிட்டு வர்றேன். இல்லைன்னா நான் முந்தின நாள் ராத்திரியில இருந்து தண்ணி குடிக்காம வரணும், அவனுக்கும் கொடுக்காமக் கூட்டிக்கிட்டு வரணும். எப்பவும் அப்படித்தான் வந்திருக்கேன்.

39 | காரிமங்கலத்தான்

இல்லை அக்கா. தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் வேற இடம் பார்க்கறேன். போய் நேர்ல பார்த்துட்டு, கதவு அகலம், படி, பாத்ரூம் எல்லாம் அளந்து இங்கேயே எழுதறேன். படமும் போடறேன், செவிவழி சாருக்காக எழுதியும் போடறேன்.